முதல் மிடறு மண்ணுக்கு

நல்ல டீயையும் துப்ப வேண்டும், கெட்ட டீயையும் துப்ப வேண்டும். டீ டேஸ்டரின் வேலை அவ்வளவுதான். மேசை நெடுகக் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றிலும் கரண்டியால் மொண்டு, காற்றையும் சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றவிட்டு, காலாலேயே தள்ளிக்கொண்டு போகிற இடுப்பளவுத் தொட்டியில் துப்பிவிட்டு அடுத்த கிண்ணத்துக்கு நகர வேண்டும். விழுங்குகிறவனுக்குப் பத்தாவது கிண்ணத்தில் நாக்கு செத்துவிடும்.

கீர்த்திவாசன் கோவையில் தாவரவியல் படித்துவிட்டு மலையேறியவன். அரவேணுவுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலை ஃபாக்டரியில் எட்டு வருடமாகத் துப்பிக்கொண்டிருந்தான். மனைவி ஸ்ரீமதி போன பிறகு வேலை இன்னும் சுலபமாகிவிட்டது. வாயில் போட்ட எதையும் விழுங்க வேண்டும் என்று தோன்றுவதில்லை.

விழுங்கவும் கூடாது. அது குற்றம்.

தேசநாயகர் நாற்காலியில் உட்கார்ந்த மறு வருடமே தன்னிறைவுத் திட்டம் வந்துவிட்டது. நீலகிரியில் விளைகிற தேயிலை மொத்தமும் கப்பலேற வேண்டும் என்பது அதில் ஒரு பிரிவு. தேயிலை போய் அன்னியச் செலாவணி வந்தது. செலாவணி போய் நிக்கலும் செம்பும் வந்தன. அவற்றை உருக்கிக் குண்டு செய்தார்கள். குண்டு எதற்கு என்றால் போருக்கு. போர் எதற்கு என்றால், நம் தேயிலைக்குச் சந்தை வேண்டாமா என்று ஓர் அமைச்சர் வானொலியில் கேட்டார். கேட்டுவிட்டுத் தன் கேள்வியில் தானே மயங்கிச் சற்று நேரம் பேசாமல் இருந்தார்.

மலையில் தேயிலை வைத்திருப்பது சட்டவிரோதமாயிற்று. கொழுந்து கிள்ளிவிட்டு வரும் பெண்களின் மடியை உதறிப் பார்க்க ஃபாக்டரி வாசலில் ஒரு காவல்படைக்காரி நின்றாள். தொழிற்சங்கங்களைக் கலைத்து உழைப்பு முன்னணி என்று ஒன்றை வைத்தார்கள். அதில் கேட்பதற்கு எதுவும் கிடையாது. கை தட்டுவதற்கு மட்டும் நேரம் ஒதுக்கியிருந்தார்கள். ஊட்டியில் ரோஜாவைப் பிடுங்கிவிட்டு விமான எண்ணெய்க்காக ஆமணக்குப் போட்டார்கள். குளிரில் அது முழங்காலுக்கு மேல் வரவில்லை. புகைப்படக்காரரைக் குப்புறப் படுக்க வைத்துக் கீழிருந்து படமெடுத்துப் பத்திரிகையில் போட்டார்கள். ஆமணக்கு வானத்தைத் தொட்டது.

டீக்குப் பதிலாக மக்களுக்குத் தேசபானம் கிடைத்தது. வறுத்த புளியங்கொட்டை, கேழ்வரகுத் தவிடு, கருக்கிய வெல்லம். பச்சைப் பொட்டலத்தின் மேல் தேசநாயகரின் முகம். கொதிக்க வைத்தால் எரிந்த சாக்கின் வாசனை வரும். கொதிக்க வைக்காவிட்டாலும் வரும்.

கீர்த்திவாசனின் மாமனார் சுப்பண்ணன் அரவேணுவில் டீக்கடை வைத்திருந்தவர். இப்போது அது தேசபான நிலையம். அவரும் அதே அடுப்புக்குப் பின்னால் நின்றார். ஒரு சனிக்கிழமை அவரே ஆள்விட்டுக் கீர்த்திவாசனைக் கூப்பிட்டனுப்பினார்.

"வாங்க மாப்ள. ஒரு டம்ளர் போடட்டுங்களா?"

"வேண்டாங்க மாமா."

"நீங்க பரவால்ல. வேண்டாங்கறதுக்கே ஒரு உத்தியோகம் வச்சிருக்கீங்க. நான் இதை வித்தாகோணும்." குரலைத் தாழ்த்தினார். "சுஜித்துக்கு ஓலை வந்திருச்சுங்க."

சுஜித் ஸ்ரீமதியின் தம்பி. இருபத்திரண்டு வயது. கல்லாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அந்த உத்தரவை விசிறியாக மடித்து வைத்திருந்தான். எல்லைச் சாலைப் படை. பனிமலையில் டாங்கி போகப் பாதை வெட்டுகிற வேலை. போர் இன்னும் வரவில்லை, வருவதற்குள் பாதை இருக்க வேண்டும். நல்ல நுரையீரல் உள்ளவர்களே அந்த உயரத்தில் பாதி வேலையில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று போய்த் திரும்பியவர்கள் சொன்னார்கள். திரும்பியவர்கள் குறைவு.

சுஜித்துக்கு வீசிங். அக்காவுக்கு இருந்த அதே மூச்சு. பேசும்போது ஒவ்வொரு வாக்கியத்தின் கடைசியிலும் மெல்லிதாக ஒரு விசில் கேட்கும்.

"டாக்டர் பார்த்தாரா?" என்று கீர்த்திவாசன் கேட்டான்.

"பார்த்தாருங்க மச்சான். சட்டைக்கு மேலயே குழாய வச்சாரு. மலைக்காத்து பட்டாச் சரியாயிரும்னாரு. நான் மலையிலதானுங்க இருக்கறேன்னேன். இது போதாது, இன்னும் மேல போகோணும்னாரு." சுஜித் சிரித்தான். சிரிப்பின் முடிவிலும் விசில். "மேலன்னா எவ்வளவு மேலன்னு அவர் சொல்லலீங்க."

"வாயக் கழுவுடா" என்றார் சுப்பண்ணன்.

கீர்த்திவாசன் அந்த விசிலைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

ஸ்ரீமதிக்கு மூச்சு முட்டிய அன்று ஆஸ்பத்திரியில் கட்டில் இருந்தது, டாக்டர் இருந்தார், ஆக்சிஜன் இல்லை. சிலிண்டர்களை டாங்கித் தகடு வெட்டுவதற்காக எடுத்துப் போயிருந்தார்கள். இரும்பை வெட்டுவதற்கும் அதே ஆக்சிஜன்தான் பயன்படுகிறது என்று அந்த டாக்டர் விளக்கினார். படித்த மனிதர். பதினாறாம் நாள் முடிவதற்குள் அரசாங்கத்திலிருந்து அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. 'தேசத்துக்காகத் தன் மூச்சை ஈந்தவரின் குடும்பத்துக்கு' என்று போட்டிருந்தது. கீர்த்திவாசன் அதைச் சமையலறையில் எண்ணெய் டப்பாவுக்கு அடியில் விரித்தான். கனமான அட்டை. எண்ணெயை நன்றாக உறிஞ்சியது.

திங்கட்கிழமை மேனேஜர் கணேசன் டேஸ்டிங் ரூமுக்கே வந்துவிட்டார். பொள்ளாச்சிக்காரர். சட்டைப் பையில் தேசநாயகர் பேட்ஜ், அதற்குள்ளே பேனா கசிந்த கறை.

"ஏனுங்க கீர்த்தி, ஒரு நல்ல சேதி. தேசநாயகர் பொறந்த நாளுக்கு ஆணையரே நம்ம ஃபாக்டரிக்கு வர்றாருங்க. உணவுத் தன்னிறைவு ஆணையர். நாடு பூராம் நேரலை."

"எதுக்குங்க?"

"தேசபானத்தை இன்னும் சனங்க ஒரு மாதிரியாப் பார்க்கறாங்களாமா. அதனால ஒரு டேஸ்டர் குடிச்சு, நம்ம தேயிலைய விட இதுதான் ஒசத்தின்னு ஒரு வார்த்தை சொல்லோணும். எட்டு வருச சர்வீஸ், காலேஜ்ல படிச்சவரு. நீங்க சொன்னா எடுபடும்."

"நீங்க அதைக் குடிச்சிருக்கீங்களா சார்?"

"நானா? எனக்கு அசிடிட்டிங்க." கணேசன் கதவைச் சாத்தினார். "உங்க மச்சினனுக்கு ஓலை வந்திருக்குதாம்ல. டேஸ்டிங் ரூமுக்கு ஒரு உதவியாள் வேணும்னு எழுதிப் போடறேன். அத்தியாவசியப் பணியாளர் அட்டை. ஆணையர் அந்த மேடையிலயே கையெழுத்துப் போட்டுருவாரு. நீங்க குடிக்கோணும், சிரிக்கோணும், சொல்லோணும். மூணே வேலை."

"சிரிக்கோணுமா?"

"சரி, சிரிக்க வேண்டாம். உங்களைப் பத்தித் தெரியும். குடிச்சுச் சொல்லுங்க."

கீர்த்திவாசன் சரி என்றான். யோசிப்பதற்கு அதில் ஒன்றும் இல்லை. ஒரு பக்கம் ஒரு வாய் புளியங்கொட்டை, இன்னொரு பக்கம் சுஜித்தின் மூச்சு.

கணேசனுக்கு ஏற்பாடுகளில் மோகம் அதிகம். வெறும் டம்ளரில் குடித்தால் டிவியில் எடுப்பாக இருக்காது என்று டேஸ்டிங் ரூமையே மேடைக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். வெள்ளைக் கிண்ணங்கள், மூடி போட்ட கோப்பைகள், வெள்ளிக் கரண்டி, கீர்த்திவாசனின் ஏப்ரன். கடைசியாக இரண்டு பேர் அந்தத் தொட்டியையும் உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"தொட்டி எதுக்குங்க சார்?" என்று கேட்டான் கீர்த்திவாசன்.

"இருக்கட்டும். பார்க்கறதுக்கு ஒரு இது வேணுமில்லீங்க. பாலீஷ் போடச் சொல்லியிருக்கறேன்."

அதைப் பற்றி அதற்கு மேல் இருவரும் யோசிக்கவில்லை.

பிறந்த நாள் காலையில் மைதானம் முழுக்கப் பனிமூட்டம். கொழுந்து கிள்ளுகிறவர்களை விடியும் முன்பே கொண்டுவந்து நிறுத்தியிருந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் காகிதக் கப்பில் தேசபானம். ஆறிப்போய் மேலே தோல் கட்டியிருந்தது. முன்வரிசையில் ராஜகுமாரி நின்றாள். சிறு பிள்ளையாக இலங்கையிலிருந்து கப்பலேறி வந்தவள். அறுபது வயதாகியும் கொழுந்துக் கூடையை யாரிடமும் கொடுக்காதவள். வெற்றிலை போடாமல் அவளைப் பார்த்தவர்கள் கிடையாது.

மேடைக்குப் போகிற வழியில் கீர்த்திவாசனை நிறுத்தினாள்.

"என்னங்க தம்பி, இந்தச் சாக்கடையப் போயி நல்ல தேத்தண்ணின்னு சொல்லப் போறீங்களாம்."

"ஆமாங்கக்கா."

"அந்தப் பொடியனுக்காகவா?"

"ஆமா."

"அப்ப நல்லாவே சொல்லுங்க. சீனி கூடுதலா இருக்குன்னும் சேர்த்துச் சொல்லுங்க." கையிலிருந்த கப்பைப் பார்த்தாள். "ஊத்தவும் வழியில்ல. பின்னால ஒருத்தன் துப்பாக்கியோட நிக்கிறான், நான் என்னமோ கப்பைத் திருடிட்டு ஓடப் போற மாதிரி."

கூட்டத்தின் ஓரத்தில் சுப்பண்ணனும் சுஜித்தும் நின்றார்கள். சுப்பண்ணன் வேட்டிக்கு மேல் கோட்டுப் போட்டிருந்தார், மகளின் கல்யாணத்துக்குத் தைத்தது. "மாப்ள, கண்ண மூடிட்டு ஒரே மடக்கா முழுங்கிருங்க" என்று காலையில் வீட்டுக்கே வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

ஆணையர் ராஜசேகர் மூன்று கார்களோடு வந்தார். படையில் ஒரு நாளும் இருந்ததில்லை, ஆனாலும் படை உடுப்பு. கட்சிக்கு வருவதற்கு முன் சமவெளியில் கல்யாண மண்டபங்களுக்கு நாற்காலி வாடகைக்கு விட்டவர். கூட்டத்தைப் பார்த்ததும் அவர் கண் முதலில் நாற்காலிகளின் பக்கம்தான் போனது.

பேச்சு நீண்டது. டீ குடித்துப் பழகிய நாடு எதுவும் போரில் வென்றதில்லை என்றார். உலக வரைபடத்தைப் பார்த்திராத மனிதரின் துணிச்சல் அதில் இருந்தது. ஒவ்வொரு குடிமகனும் மறுக்கிற ஒவ்வொரு கோப்பையும் எதிரியின் மார்பில் பாயும் ஒரு தோட்டா என்றார். ஆனால் இதெல்லாம் தியாகம் அல்ல, ஏனென்றால் தேசபானம் தேயிலையை விட உயர்ந்தது, அதை இப்போது நாட்டின் தலைசிறந்த நாக்கு நிரூபிக்கும் என்றார். உழைப்பு முன்னணி கை தட்டியது.

அறிவிப்பாளர் மைக்கைப் பிடித்தார். "ஆணையர் அருந்தும்போது அனைவரும் அருந்த வேண்டும். அவர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே, ஒரே நேரத்தில்." வேறு ஏதோ மாவட்டத்தில் ஆணையருக்கு முன்பே ஒருவர் குடித்துவிட்டாராம். அதிலிருந்து இந்த விதி.

ஆணையரின் உதவியாளர் கையில் சுஜித்தின் அட்டை இருந்தது. கீர்த்திவாசன் அதைப் பார்த்தான். கையெழுத்து போட வேண்டிய இடம் வெறுமையாக இருந்தது.

கேமரா நெருங்கி வந்தது. கீர்த்திவாசன் கரண்டியை எடுத்தான். மொண்டான். சர்ரென்று உறிஞ்சினான். மைக் பக்கத்தில் இருந்ததால் தார்ப்பாய் கிழிவது போன்ற சத்தம் மைதானம் முழுக்கக் கேட்டது. பானம் நாக்கில் ஒரு சுற்றுச் சுற்றியது. வலது கால் தானாக நீண்டு தொட்டியை இழுத்தது.

துப்பினான்.

விழுங்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தான். முந்தின இரவெல்லாம் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தான். ஆனால் ஏப்ரனும் கரண்டியும் தொட்டியும் சேர்ந்த இடத்தில் அவன் வாய்க்கு வேறு வேலை தெரியாது. பாலீஷ் போட்ட தொட்டியின் நடு மையத்தில், ஒரு சொட்டும் சிதறாமல், தேசநாயகரின் பிறந்த நாளன்று, நாடு பார்க்கத் தேசபானத்தைத் துப்பியிருந்தான்.

கணேசனின் முகம் தவிட்டு நிறத்துக்குப் போய்விட்டது. கூட்டத்தின் ஓரத்தில் சுப்பண்ணன் கோட்டுப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு நின்றார். சுஜித் தரையைப் பார்த்தான்.

"இது என்ன?" என்றார் ஆணையர். சிரித்த முகத்தோடு பல்லிடுக்கில் கேட்டார். கேமரா ஓடிக்கொண்டிருந்தது.

பயப்பட வேண்டும் என்று கீர்த்திவாசனுக்குத் தெரிந்தது. வரவில்லை. பயம் இருந்த இடத்தை ஏற்கெனவே யாரோ காலி செய்துவிட்டுப் போயிருந்தார்கள். அட்டையின் வெற்றிடம் மட்டும் கண்ணில் நின்றது. உண்மையையே சொன்னான்.

"அதுதான் முறைங்க சார். எவ்வளவு ஒசந்த சரக்கா இருந்தாலும் டேஸ்டர் விழுங்க மாட்டான். ஏலத்துல உக்கார்ற பெரிய டேஸ்டருங்க எல்லாரும் இப்படித்தான் செய்வாங்க. தெரிஞ்சவங்களுக்குத் தெரியும்."

கடைசி வாக்கியம் வேலை செய்தது. ஆணையர் கேமராவைப் பார்த்தார். தெரியாதவராக இருப்பது அவர் பதவிக்குப் பொருந்தாத ஒன்று. "எனக்குத் தெரியாதா?" என்றார். "வெளியூர்ல எத்தனை ஏலத்துக்குப் போயிருக்கேன்." கரண்டியைப் பிடுங்கினார். மொண்டார். தேர்ந்தவர்கள் சத்தமாக உறிஞ்சுவார்கள் என்று ஊகித்து, கீர்த்திவாசனை விடச் சத்தமாக உறிஞ்சினார். பானம் வாய்க்குள் போனதும் அவர் முகத்தில் ஒரு உண்மையான உணர்ச்சி தெரிந்தது. அன்றைய விழாவில் அது ஒன்றுதான் உண்மை. அவரும் அதை முதல் முறையாகக் குடிக்கிறார்.

முழு மனத்தோடு துப்பினார். தொட்டிக்கு எட்டவில்லை. கணேசனின் ஷூவில் விழுந்தது.

ஆணையர் எப்படிச் செய்கிறாரோ அப்படியே என்பது உத்தரவு. முதலில் ராஜகுமாரி கப்பை வாயில் வைத்தாள். ஒரு மிடறு. தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, ஐம்பது வருட வெற்றிலைப் பழக்கத்தோடு, உழைப்பு முன்னணியின் கொடிக்கம்பத்தின் அடியில் நெடுங்கோடாகத் துப்பினாள். பக்கத்தில் நின்றவள் துப்பினாள். அப்புறம் வரிசை வரிசையாக எல்லோரும். உறிஞ்சுகிற சத்தம் ஒரு அலை, துப்புகிற சத்தம் ஒரு அலை. துப்பாக்கியோடு நின்றவனும், தனக்கும் உத்தரவு பொருந்துமா என்று யோசித்துவிட்டு, துப்பினான். சிலர் கப் காலியாகும் வரை துப்பினார்கள். அந்த மைதானத்தில் அத்தனை பேரும் ஒரு விஷயத்தில் மனமொத்துச் செயல்பட்டது அதுவே முதல் தடவை.

ஆணையர் கண்களில் நீர் நின்றது. ஆயிரம் பேர் தன்னைப் பார்த்து அப்படியே செய்ததை அவர் அதுவரை கண்டதில்லை. "என்ன ஒழுங்கு" என்றார். உதவியாளரிடம் கை நீட்டி அட்டையை வாங்கி, கேமராவுக்கு ஒரு பக்கம் முகத்தைக் கொடுத்தபடி கையெழுத்துப் போட்டார்.

அவர் கார் மலையிறங்குவதற்குள் தலைநகரிலிருந்து அவருக்கு ஃபோன் வந்ததாகச் சொன்னார்கள். அதன் பிறகு சில நாட்கள் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. கணேசன் ஷூவைத் துடைக்கவும் பயந்து, துடைக்காமல் விடவும் பயந்து, கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டினார். அட்டை செல்லுமா செல்லாதா என்று தெரியாமல் சுஜித் அதைப் பனியனுக்குள் வைத்துக்கொண்டு தூங்கினான். சுப்பண்ணன் கடையைத் திறந்து வைத்துவிட்டு ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார், ஜீப் எந்தப் பக்கமிருந்து வரும் என்று.

ஜீப் வரவில்லை. விளக்கம் வந்தது.

ஒளிபரப்பைத் திரும்பப் பெற முடியாது. ஆணையர் தவறு செய்தார் என்றால், அவரை நியமித்தவர் தவறு செய்தார் என்றாகும். அவரை நியமித்தவர் தேசநாயகர். ஆகவே நடந்தது தவறாக இருக்க முடியாது. எல்லாப் பத்திரிகைகளிலும் ஒரே நாளில் ஒரே தலைப்பு: 'முதல் மிடறு மண்ணுக்கு'. தேசபானத்தின் முதல் மிடறைத் தாய்மண்ணுக்குப் படைத்துவிட்டே அருந்த வேண்டும். நீலகிரித் தொழிலாளர்கள் தாமாக முன்வந்து வழிகாட்டியிருக்கிறார்கள். ஒரு பேராசிரியர் டிவியில் வந்து இது இரண்டாயிரம் ஆண்டுப் பழக்கம் என்று நிறுவினார். ஆதாரமாக ஒரு பானை ஓட்டைக் காட்டினார். அடுத்த வாரம் தேசநாயகரே உப்பரிகையில் நின்று துப்பினார். மெதுவாக, கம்பீரமாக.

பள்ளிக்கூடங்களில் காலை வணக்கத்துக்குப் பிறகு பிள்ளைகள் துப்பினார்கள். முதல் மிடறு எவ்வளவு பெரியதாக இருக்கலாம் என்று விதியில் இல்லாததால் மக்கள் பெரிதாகவே எடுத்தார்கள். தேசபானத்தின் விற்பனை இரட்டிப்பானது. அதைப் புள்ளிவிவரத் துறை வரைபடமாகப் போட்டு, மக்கள் தேயிலையை மறந்துவிட்டார்கள் என்று அறிவித்தது. சந்தையில் புளியங்கொட்டை தீர்ந்துபோயிற்று.

கீர்த்திவாசனுக்குப் பதவி உயர்வு கொடுத்தார்கள். முதல் மிடறுப் பயிற்றுநர். ஏப்ரனும் கரண்டியுமாக ஊர் ஊராக அனுப்பினார்கள். மசினகுடியில் ரிசார்ட்டுகளைப் படைமுகாமாக்கியிருந்தார்கள். அங்கே சிப்பாய்களை மூன்று வரிசையாக நிறுத்தித் துப்பக் கற்றுக்கொடுத்தான். ஸ்ரீமதுரைப் பக்கம் மலையாளம் கலந்து பேசும் ஒரு பெரியவர், "இதுக்கு ட்ரெயினிங் வேணோ மோனே? பொட்டலத்தப் பாத்தாலே வருது" என்றார். கீர்த்திவாசன் அவரை முதல் மாணவனாகத் தேர்ந்தெடுத்தான்.

அட்டை செல்லும் என்றாகிவிட்டது. செல்லாது என்று சொன்னால் அந்தக் கையெழுத்தைப் பற்றிக் கேள்வி வரும். சுஜித் டேஸ்டிங் ரூமில் சேர்ந்தான். இலையை நிறுத்துக் கோப்பையில் போடுவது, கொதிநீர் ஊற்றுவது, கிண்ணத்தில் வடிப்பது. நின்று செய்கிற வேலை. மூச்சு வாங்காது.

ஜனவரியில் உறைபனி விழுந்த பிறகு கிள்ளுகிற கொழுந்துக்கு வெளிநாட்டில் விலை அதிகம். அந்த வருடத்தின் முதல் மாதிரி வந்தபோது கீர்த்திவாசன் பயிற்சி முகாம்களிலிருந்து திரும்பியிருந்தான். வாசலில் காவல்படைக்காரி நின்றாள். கணேசன் பழைய ஷூவைப் போட்டுக்கொண்டு ஆபீஸில் உட்கார்ந்திருந்தார். அலமாரியில் பூட்டிய ஷூவை அருங்காட்சியகத்துக்குக் கேட்டிருப்பதாகச் சொல்லிக்கொண்டிருந்தார்.

சுஜித் வடித்து வைத்தான். அறையில் வாசனை பரவியது. "அக்கா இதைத்தானுங்க கேட்டுட்டே இருப்பா" என்றான். "ஃபாக்டரியில இருந்து ஒரு கை அள்ளிட்டு வரமாட்டீங்கறீங்கன்னு."

"தெரியும்."

"ஒரு தடவகூடக் கொண்டு வரலீங்களா மச்சான்?"

"இல்ல. சட்டம்னேன்."

சுஜித் அடுத்த கோப்பையில் நீர் ஊற்றினான். அவன் மூச்சின் விசில் கேட்டது. அதே விசில். நிற்காமல் கேட்டது.

கீர்த்திவாசன் கரண்டியால் மொண்டு உறிஞ்சினான். நாக்கில் சுற்றியது. வலது கால் தொட்டியை இழுத்தது. அதைத் திருப்பித் தள்ளிவிட்டான். வாயை மூடிக்கொண்டு சற்று நேரம் நின்றான். பிறகு விழுங்கினான்.

சூடாக இருந்தது. நெஞ்சு வரைக்கும் சூடு இறங்குவது தெரிந்தது. வேறு ஒன்றும் ஆகவில்லை. சட்டப்படி அது தேசத்தின் அன்னியச் செலாவணியில் ஒரு மிடறு. எங்கோ ஒரு பீரங்கிக்கு ஒரு திருகாணி குறையும்.

கிண்ணத்தை எடுத்துச் சுஜித்திடம் நீட்டினான்.

"கதவச் சாத்திட்டு வந்து குடி."